ஹோலபெக்கை இரண்டு முறை வழியனுப்பினோம்

முப்பத்தொரு வருடமாக ஊரான் வீட்டுப் பிள்ளைகளின் கால்சட்டையைத் துவைத்துக்கொண்டிருக்கிறேன். பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். வெஸ்ட்புரூக் மைதானத்தில் எங்கள் பேஸ்பால் அணியான கொக்குகளுக்கு உடை மாற்றும் அறையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சட்டை துவைக்க வேண்டும், ஷூவில் அப்பிய களிமண்ணைச் சுரண்ட வேண்டும், ஆட்டம் முடிந்ததும் இருபத்தெட்டுப் பேருக்குச் சாப்பாடு வைக்க வேண்டும், நாள் முழுக்க அவர்கள் கொறித்துத் துப்பும் சூரியகாந்தி விதைத் தொலியைக் கூட்டி அள்ள வேண்டும். அந்தத் தொலியை மட்டும் சேர்த்து வைத்திருந்தால் இந்நேரம் அயோவா மாநிலத்துக்கே மெத்தை தைத்திருக்கலாம். பையன்கள் என்னை ஆல்டன் அண்ணே என்பார்கள். கோபம் வந்தால் வேறு மாதிரியும் சொல்வார்கள், எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

எங்களுக்கு மேலே ஒரே ஒரு படி. அதை நாங்கள் வெறுமனே ‘மேலே’ என்போம். பெரிய லீக் என்று முழுசாகச் சொன்னால் கண் பட்டுவிடும் என்று பயமோ என்னவோ. மேலே ஒரு நாள் ஆடினாலும் அவன் பெயர் நிலைத்துவிடும். கீழே பத்து வருடம் புரண்டு எழுந்தாலும் அதற்கு என் துணி மூட்டைதான் சாட்சி. எங்கள் பையன்கள் அத்தனை பேரும் அந்த ஒரு படிக்காகத்தான் பீனட் பட்டரும் ரொட்டியுமாக வயிற்றைக் கழுவுகிறார்கள்.

ரே ஹோலபெக் எங்களிடம் வந்தபோது அவனுக்கு முப்பத்திரண்டு வயது. இந்த ஆட்டத்தில் அது கிழட்டு வயது. அதுவும் கேட்சருக்கு. மட்டைக்காரனுக்குப் பின்னால் மூன்று மணி நேரம் குந்தி உட்கார்ந்து, மணிக்குத் தொண்ணூற்றைந்து மைல் வேகத்தில் வருவதையெல்லாம் கையிலும் நெஞ்சிலும் முழங்காலிலும் வாங்குகிற பிழைப்பு அது. முதல் நாளே ஒரு வாளி ஐஸ் கேட்டான். இரண்டு காலையும் உள்ளே விட்டுக்கொண்டு, நான் மூட்டை கட்டுவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

“எந்த ஊருப்பா?” என்றேன்.

“சவுத் டகோட்டா. அப்பா மாடு வளக்கறாரு. நீங்க எந்த ஊரைக் கேக்கறீங்க, பொறந்த ஊரையா, ஆடுன ஊருங்களையா?”

“ஆடுன ஊரு எத்தனை?”

அவன் விரல் விட ஆரம்பித்தான். இரண்டு கையும் முடிந்து, தண்ணீருக்குள் இருந்த கால் விரலைப் பார்த்தான். “இதோட பதினொண்ணு. நடுவுல மூணு தடவை வேண்டாம்னு அனுப்பிட்டாங்க. ஒரு தடவை, பின்னாடி சொல்றோம்னு பேர் போடாத ஒரு ஆளுக்குப் பதிலா என்னை மாத்திக்கிட்டாங்க. அந்த ஆளு யாருன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.”

சொல்லிவிட்டுச் சிரித்தான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

பனிக்காலத்தில் ஊரில் பனி தள்ளும் லாரி ஓட்டுவான். மார்ச் பிறந்தால் மறுபடியும் கிளம்பிவிடுவான். மனைவி ஜோலீன் ஒரு பல் டாக்டரிடம் வேலை பார்த்துக்கொண்டு இரண்டு பெண் பிள்ளைகளை வளர்த்தாள். பந்து வீச வரும் பையன்களில் பாதிப் பேர் டொமினிக்கன் பக்கத்துப் பிள்ளைகள் என்பதால் ரே ஸ்பானிஷ் பேசக் கற்றிருந்தான். அவன் ஸ்பானிஷ் பேசினால் அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். ஆனால் பந்து வீசும்போது அவன் விரலால் சைகை காட்டிய பந்தைத்தான் வீசுவார்கள். மட்டை பிடிப்பதில் சுமார்தான், நான்கு முறை போனால் ஒரு முறை அடிப்பான், அதுவும் ஆண்டவன் கண் திறந்தால். இருந்தாலும் அவன் பின்னால் உட்கார்ந்திருந்தால் நடுங்கிக்கொண்டிருக்கிற பையனுக்கும் கை நேராகும். அதை நான் என் கண்ணால் எத்தனையோ முறை பார்த்தேன்.

அணியில் அவனுக்குப் பெயர் தாத்தா. வைத்தது கசோலா. களத்தில் முதல் தளமான ஃபர்ஸ்ட் பேஸில் நிற்பவன், ஆறடி நான்கு அங்குலம், வாய் அதைவிட நீளம்.

“தாத்தா, நேத்து உங்க முட்டி சத்தம் போட்டுச்சு பாருங்க, நான் இடி இடிக்குதுன்னு குடையைத் தேடினேன்” என்பான் கசோலா.

“மடப்பயலே, நீ போன வாரம் விட்ட பந்து இன்னும் உருண்டுக்கிட்டு இருக்கு. அதைப் போய் எடுத்துட்டு வா, அப்புறம் என் முட்டியைப் பாப்போம்” என்பான் ரே.

இது மூன்றாவது வருடம். மார்ச்சில் வந்தபோதே ரே என்னிடம் சொல்லிவிட்டான். “ஜோலீன்கிட்ட சத்தியம் பண்ணிட்டேன் அண்ணே. இதுதான் கடைசி. செப்டம்பர் முடிஞ்சா ஊர்ல தீவனக் கடையில வேலை இருக்கு, சொல்லி வச்சாச்சு.”

“சரி, மேலே கூப்பிட்டா?”

“கூப்பிட்டா போவேன். ஒரே ஒரு ஆட்டம் போதும் எனக்கு.”

பதிமூன்று வருடம் கீழேயே கிடந்தவன் கேட்டது ஒரே ஒரு ஆட்டம். எனக்கு எரிச்சலாக வந்தது, அவன் மேல் இல்லை, யார் மேல் என்று தெரியாமல். அன்றைக்குத் துண்டுகளைக் கொஞ்சம் பலமாகவே மடித்தேன்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டத்தின் நடுவில், அடிபடாத ஒருவனை மேனேஜர் காரணம் சொல்லாமல் வெளியே எடுத்தால் அதற்கு இரண்டே அர்த்தம். வேறு அணிக்கு அவனை மாற்றிவிட்டார்கள், இல்லையென்றால் மேலே கூப்பிட்டுவிட்டார்கள். எப்படியானாலும் அவன் இனி நம்மோடு இல்லை. அதனால் டக்அவுட் என்கிற களத்தோரப் பள்ளத்தில் பெஞ்சில் இருப்பவர்கள் ஒவ்வொருவராக எழுந்து அவனைக் கட்டிப்பிடிப்பார்கள், முதுகில் ஓங்கி அறைவார்கள். ஒருவனை இப்படிக் கட்டிப்பிடிப்பதைக் கண்டாலே போதும், ஜனங்கள் எழுந்து கைதட்ட ஆரம்பித்துவிடுவார்கள். முப்பத்து நான்கு வயது கேட்சரை எவன் விலைக்குக் கேட்கப்போகிறான்? ரேயை நடுவில் எடுத்தால் அது ஒன்றே ஒன்றுதான்.

ஜூலை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதிய ஆட்டம். நான் என் அறையில் சலவை இயந்திரத்தோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தேன். ஆபீஸ் பிரிண்டர் கெட்டுப்போனதிலிருந்து அவர்கள் காகிதமெல்லாம் என் அறைப் பிரிண்டரில்தான் வந்து விழும். அன்றைக்கு ஒன்று விழுந்தது. விமான டிக்கெட். ஹோலபெக், ரே. இன்றைக்கே. பால்டிமோர்.

மேலே இருக்கும் எங்கள் பெரிய அணி அந்த வாரம் பால்டிமோரில்தான் ஆடிக்கொண்டிருந்தது.

எனக்குக் கை கால் ஓடவில்லை. அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். என் கை நன்றாகவே நுழைந்தது, அதுதான் வினை. மேலே போகிறவனின் பையைக் கட்டுவது என் வேலை. யாரையும் கேட்காமல் ரேயின் மாற்றுக் கவசம், இரண்டு கையுறை, ஷூ எல்லாவற்றையும் பெரிய பையில் அடுக்கி ஜிப்பை இழுத்து, கொண்டுபோய் டக்அவுட் படிக்கட்டின் அடியில் வைத்தேன். யார் கண்ணிலும் படாமல் வைத்ததாக நினைப்பு.

ஐந்தாவது இன்னிங்ஸ் தொடங்கும்போது மேனேஜர் ஒலிவரெஸ் ரேயைத் தோளில் தட்டி, “நீ உக்காரு” என்றார். வேறொருவனைக் கவசம் மாட்டச் சொன்னார். அவர் அதிகம் பேச மாட்டார். பேசினால் பல் விழுந்துவிடும் என்று பயப்படுகிறவர் மாதிரி இருப்பார்.

கசோலா பையைப் பார்த்தான். ரேயைப் பார்த்தான். பிறகு அவன் போட்ட கத்தல் வாகன நிறுத்தம் வரைக்கும் கேட்டிருக்கும்.

“டேய்! தாத்தா மேலே போறாருடா!”

அவ்வளவுதான். களத்தில் நின்றவர்கள்கூட ஓடி வந்துவிட்டார்கள். நடுவர் கையை ஆட்டிக் கத்துகிறார், யாரும் கேட்கவில்லை. ஒருவன் மேல் ஒருவன் விழுந்து கட்டிப்பிடித்தார்கள். கசோலா அவனை அப்படியே தூக்கிவிட்டான். கூட்டம் எழுந்து நின்றது. ரே முதலில் நம்பவில்லை. “விடுங்கடா, சும்மா இருங்கடா” என்றான். பிறகு அவனும் பையைப் பார்த்தான். நான் கட்டிய பை. அப்போது அவன் முகம் போன போக்கை நான் எழுதப்போவதில்லை.

நேராக என் அறைக்கு ஓடி வந்து வீட்டுக்குப் போன் போட்டான். “ஜோலீன்... ஜோலீன், கூப்பிட்டுட்டாங்க. ஆமா. ஆமா, நெசமாத்தான். அப்பாகிட்ட சொல்லு.”

போனை வைத்து முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஒலிவரெஸ் உள்ளே வந்தார். முதலில் என்னைத்தான் பார்த்தார்.

“பையைக் கட்டினது யாரு?”

“நான்தான். டிக்கெட் வந்துச்சே...” என்றேன்.

அவர் கண்ணை மூடித் திறந்தார். பிறகு ரேயிடம் மெதுவாகச் சொன்னார். “ரே, உன்னை இன்னும் அணியில சேக்கல. அங்க கேட்சர் ஒருத்தனுக்குக் கையில பந்து பட்டிருக்கு. எக்ஸ்ரே நாளன்னைக்கு. எலும்பு போயிருந்தா உன்னைச் சேப்பாங்க. இல்லைன்னா இல்லை. நீ பக்கத்துல இருக்கணுமாம், அவ்வளவுதான். உனக்கு அடி கிடி பட்டுடக் கூடாதுன்னுதான் எடுத்தேன். ஆட்டம் முடிஞ்சு தனியா சொல்லலாம்னு இருந்தேன்.”

ரே துண்டால் முகத்தைத் துடைத்தான். அதிக நேரம் துடைத்தான்.

“பரவால்ல கோச்” என்றான்.

நுணலும் தன் வாயால் கெடும். நானோ வாயைக்கூடத் திறக்காமல் ஒரு ஜிப்பை இழுத்தே இன்னொருவன் வீட்டைக் கெடுத்தேன். ரே மறுபடியும் போன் போட்டான். அதற்குள் ஜோலீன் மாமனாரிடம் சொல்லியாகிவிட்டது. மனிதர் அன்றைக்கு வரைக்கும் விமானத்தில் ஏறியதில்லை. மாட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடிப் பக்கத்துப் பண்ணைக்குப் போய்விட்டாராம். அவரைத் தேடிப் போனுக்குக் கூப்பிட்டார்கள். ‘ஒருவேளை’தான் அப்பா, இன்னும் நிச்சயமில்லை என்று ரே மன்றாடினான். கிழவர் போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

“இருபது வருஷமா ‘ஒருவேளை’யிலதான்டா இருக்கோம். நான் வரேன்.”

புதன்கிழமை மதியம் ரே திரும்பி வந்தான். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கேட்சர் நல்ல பையன், மன்னிப்புக்கூடக் கேட்டானாம், கை உடையாததற்கு.

நான் கேட்கவில்லை, அவனாகவே சொன்னான். அங்கே உடை மாற்றும் அறையில் அவன் பெயர் போட்டு ஓர் இடம் கொடுத்திருந்தார்கள். முதுகில் ஹோலபெக் என்று தைத்த சட்டை, எழுபத்தொன்று எண், ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. சேர்த்தாயிற்று என்று சொல்லும்வரை தொடக்கூடாது என்று அவன் தொடவில்லை. பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தான். ஆட்டம் நடக்கும்போது பெஞ்சில் உட்காரவும் அவனுக்கு அனுமதி இல்லை, உள்ளேயே டீவியில் பார்த்தான். ஜோலீனும் அப்பாவும் இரண்டு நாளும் கேலரியில் ஜனங்களோடு உட்கார்ந்து, அவன் வருவான் வருவான் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

“அப்பா என்ன சொன்னாரு?”

“ஏர்போர்ட்ல கை குடுத்தாரு. ‘புல்லை நல்லா வெட்டி வச்சிருக்காங்க’ன்னாரு.”

“ரே, என்னாலதான்டா...” என்று ஆரம்பித்தேன்.

“அண்ணே, என் முட்டிப் பட்டையை டிரையர்ல போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? பாருங்க, அப்பளம் மாதிரி சுருங்கிடுச்சு” என்றான்.

மன்னிப்புக் கேட்கக்கூட அவன் எனக்கு இடம் தரவில்லை. பொல்லாத பயல்.

பெஞ்ச் எழவு வீடு மாதிரி இருந்தது. கசோலாவால் ரேயின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மூன்று நாள் முட்டிச் சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான்காம் நாள் எல்லோரையும் கூட்டி வைத்து, “இனிமே எவனும் எவனையும் தொடக் கூடாது. கோச் வாயைத் திறந்து சொல்ற வரைக்கும் கை மடியில இருக்கணும். சொல்லிட்டேன்” என்றான். சொன்னதோடு நிற்கவில்லை. ஆகஸ்டில் இரண்டு பையன்கள் மேலே போனார்கள். மேனேஜர் அறிவித்த பிறகு மற்றவர்கள் வரிசையில் நின்று கை குலுக்கினார்கள், ஏதோ பாங்கி திறப்பு விழா மாதிரி. போனவர்களுக்கும் சப்பென்று ஆகிவிட்டது. ரே எல்லாவற்றையும் பார்த்தான்.

அவன் ஆடிக்கொண்டேதான் இருந்தான். ஆகஸ்டு வெயிலில் கவசத்துக்குள் வெந்தான். ஒரு நாள் மட்டையில் உரசிய பந்து வலது கை நடுவிரல் நகத்தைப் பெயர்த்துக்கொண்டு போனது. விரலை டேப்பால் சுற்றிக்கொண்டு அடுத்த பந்துக்குக் குந்தினான். அணி கடைசியிலிருந்து இரண்டாவது இடம். பார்க்க வருகிறவர்கள் பாதிப் பேர் ஹாட் டாக் மலிவு என்று வருகிறவர்கள். இவன் மட்டும் தினமும் இரண்டு மணிக்கே வந்து, அன்றைக்குப் பந்து வீசப்போகிற பையனோடு உட்கார்ந்து எதிரணியின் ஒவ்வொருவனைப் பற்றியும் பேசுவான். “இன்னும் எதுக்குடா இந்தப் பாடு? தீவனக் கடைக்காரன் கேக்கப் போறானா?” என்றேன் ஒரு நாள், வயிற்றெரிச்சல் தாங்காமல்.

“அந்தப் பையன் இன்னைக்கு வீசணுமே அண்ணே” என்றான். என் கேள்விக்கு அது பதிலா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

செப்டம்பர் வந்தது. இன்னும் நான்கே நாள் ஆட்டம். வியாழக்கிழமை மதியம், பள்ளிக்கூடப் பிள்ளைகளை இலவசமாக உள்ளே விடுகிற நாள். ஒரே கூச்சல். மூன்றாவது இன்னிங்ஸில் எங்கள் ஆட்கள் களத்திலிருந்து திரும்பி வந்ததும் ஒலிவரெஸ் ரேயின் தோளில் தட்டினார்.

“நீ உள்ள போ. நான் வரேன்.”

நான் துண்டுகளோடு டக்அவுட்டின் கோடியில் நின்றிருந்தேன். பெஞ்சில் பதினைந்து பேருக்கு மேல். ஒருவனும் அசையவில்லை. எல்லோரும் தங்கள் ஷூவையே பார்த்தார்கள். கசோலா இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டான், எங்கே எழுந்து தொட்டுவிடுமோ என்று. ரே அந்தப் பெஞ்சின் முழு நீளத்தையும் நடந்து போனான். அவன் ஷூ முள் சிமெண்டில் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. என்னைத் தாண்டும்போது நானும் துண்டைத்தான் பார்த்தேன். பை கட்டவில்லை. ஆண்டவன் மேல் ஆணையாக அன்றைக்குப் பிரிண்டர் பக்கமே நான் போகவில்லை.

ஒலிவரெஸ் அவன் பின்னாலேயே என் அறைக்கு வந்தார். கையில் காகிதம்.

“இது நெசம். மேல இருக்கிற கேட்சரோட பொண்டாட்டிக்குப் பிரசவம். அவன் மூணு நாள் லீவு. உன்னைச் சேத்தாச்சு. கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டாங்க. பாரு.”

ரே பார்க்கவில்லை. “ஆல்டன் அண்ணே, நீங்க படிங்க” என்றான்.

நான் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டி இரண்டு முறை படித்தேன். தேதி, பெயர், கையெழுத்து. “ஆமாப்பா” என்றேன்.

“ஜோலீனுக்கு நீங்க போன் பண்ணுங்க. நான் சொன்னா நம்ப மாட்டா.”

என் தலையெழுத்தைப் பாருங்கள். கெடுத்தவன் கையிலேயே கொடுத்தான். பல் டாக்டரின் கிளினிக் எண்ணுக்குப் போட்டேன். பின்னால் பல் கடைகிற இயந்திரம் கிர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது.

“யாரு, ஆல்டன் அண்ணனா? என்ன ஆச்சு? அவருக்கு அடிபட்டுச்சா?”

“அடியெல்லாம் இல்லம்மா. மேலே சேத்துட்டாங்க.”

அந்தப் பக்கம் இயந்திரம் நின்றுபோனது.

“போன தடவை மாதிரியா?”

“இல்லம்மா. போன தடவை நான் டிக்கெட்டைத்தான் பாத்தேன். இப்ப கையெழுத்தைப் பாத்துட்டேன். கண்ணாடி போட்டுக்கிட்டு ரெண்டு தடவை பாத்துட்டேன்.”

“அவரு ஏன் பேசல?”

“நீ நம்ப மாட்டியாம்.”

“நம்பறேனா இல்லையான்னு அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல அந்த மனுஷன்கிட்ட போனைக் குடுங்க.”

கொடுத்தேன். நானும் ஒலிவரெஸும் வெளியே வந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம்.

பிறகு நான் பையைக் கட்டினேன். இந்த முறை முறையாக. ரே குளித்து, சொந்தச் சட்டை போட்டுக்கொண்டு பையைத் தோளில் மாட்டினான். வாடகைக் கார் பின் வாசலில் காத்திருந்தது. விமானத்துக்கு நேரம் குறைவு. பின் வாசலுக்குப் போக இடது பக்கம் திரும்ப வேண்டும். அவன் வலது பக்கம் திரும்பி, டக்அவுட்டுக்குப் போகிற வழியில் நடந்தான். நான் பின்னாலேயே ஓடினேன்.

எங்கள் அணி மட்டை பிடித்துக்கொண்டிருந்ததால் பெஞ்ச் நிறைந்திருந்தது. ரே படியில் நின்றான். எல்லோரும் நிமிர்ந்தார்கள். ஒருவனும் எழுந்திருக்கவில்லை.

“என்னடா, தொட்டா ஒட்டிக்குமா?” என்றான் ரே.

கசோலாதான் கேட்டான். “நெசமா தாத்தா? இந்தத் தடவை நிச்சயமா?”

“மடப்பயலே, நிச்சயம்னு பத்திரம் பாத்துட்டுதான் கட்டிப்பிடிப்பியா? நீ என்ன வக்கீலா?” ரே பையை இறக்கிக் கீழே வைத்தான். “ஜூலைல அங்க ரெண்டு நாள் நாற்காலியில உக்காந்திருந்தேன். யாரும் என்னை எதுவும் கேக்கல. தைச்ச சட்டை எதிர்ல தொங்குது, தொட முடியல. அந்த ரெண்டு நாளும் முதுகு வலிச்சுதுடா. நீங்க அறைஞ்ச அறை. அந்த வலி ஒண்ணுதான் அங்க எனக்குச் சொந்தமா இருந்துச்சு. அதை வச்சுக்கிட்டுதான் உக்காந்திருந்தேன். அதைப் போய்த் தப்புன்னு நினைச்சுக்கிட்டு ரெண்டு மாசமா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க, கழுதைங்களா. கார் நிக்குது. வரீங்களா, போகட்டுமா?”

கசோலா எழுந்தான். ஆறடி நான்கு அங்குலமும் தேம்பிக்கொண்டு வந்து அவன் மேல் விழுந்தது. பிறகு எல்லோரும். மட்டையோடு களத்தில் நின்றவன் மட்டையைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். நடுவர் “ஆட வரீங்களா இல்லையா?” என்று கத்தினார். எதிரணிப் பெஞ்சிலிருந்து எவனோ, “அந்தாளு பதிமூணு வருஷம் காத்திருந்தான், நீ ரெண்டு நிமிஷம் காத்திருக்க மாட்டியா?” என்று திருப்பிக் கத்தினான். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தினார்கள்.

கடைசியாக என் முறை. எனக்கு ஆட்களைக் கட்டிப்பிடித்துப் பழக்கமில்லை. துண்டு வாடை அடிக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். அவன் விடவில்லை. நான் அழுதேன், அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை எங்கள் ஆட்டம் மாலையில்தான். மதியமே எல்லோரும் என் அறையில் வந்து அடைந்துகொண்டார்கள், உட்கார இடமில்லாமல் அழுக்கு மூட்டை மேலெல்லாம் ஏறி உட்கார்ந்து. டீவியில் எழுபத்தொன்று எண் தெரிந்தது. முதல் இன்னிங்ஸிலிருந்தே அவனை இறக்கியிருந்தார்கள். ஒன்பது இன்னிங்ஸும் பின்னால் அவன்தான். மட்டைக்கு நான்கு முறை வந்தான். மூன்று முறை அவுட். ஒரு முறை பந்து விலாவில் பட்டு ஓசியாக முதல் தளத்துக்குப் போனான். “பாருடா, அங்கயும் அடி வாங்கித்தான் போறாரு” என்றான் கசோலா. அவர்கள் அணி தோற்றது. யார் கவலைப்பட்டது?

எட்டாவது இன்னிங்ஸில் கேமரா ஒரு நிமிடம் ஜனங்கள் பக்கம் திரும்பியது. ஜோலீன் நின்றுகொண்டு, இரண்டு பெண்களையும் தோளில் பிடித்தபடி என்னவோ கத்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கிழவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்திருந்தார். கையும் தட்டவில்லை. மகன் குந்தி உட்காருவதையும் எழுந்திருப்பதையும் மறுபடி குந்துவதையும் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.